மணிக்கட்டுக் கணினியும் மும்மணியும்

அண்மைக் காலமாக நம் இல்லங்களில் ஒரு புதிய பொருள் புகுந்திருக்கிறது. வெளியூர்களில் பணிபுரியும் மக்கள் ஊரிலிருக்கும் பெற்றோர்க்கு அன்புடன் வாங்கி அனுப்பும் 'ஸ்மார்ட் வாட்ச்'தான் அது. நேரங்காட்டுவதோடு நில்லாமல் நாடித்துடிப்பையும் நடந்த அடிகளையும் உறங்கிய நேரத்தையும் கணக்கிடும் இக்கருவி, மணிக்கட்டில் கட்டிய கணினியே ஆகும். அறநெறி நிற்போர் இதனை எவ்வாறு கொள்வது, எவ்வளவு நம்புவது என்று எண்ணிப் பார்ப்போம்.

கைக்கடிகாரத்துள் முழுக் கணினியை அடக்கும் முயற்சி புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 2000ஆம் ஆண்டிலேயே லினக்ஸ் இயங்கும் கடிகாரத்தைச் செய்து காட்டினர். ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரம் 2015இல் விற்பனைக்கு வந்தது. இன்றைய கடிகாரங்கள் தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சுகின்றன. குருதி அவ்வொளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் குருதி பெருகிக் குறைவதால் திரும்பிவரும் ஒளியும் மாறுகிறது. அம்மாற்றத்தை எண்ணியே நாடி கணக்கிடப்படுகிறது.

இதனால் நமக்குப் பயனுண்டு. இரவுண்ணாமை காப்போர்க்கு அன்றன்றைய சூரிய அத்தமன நேரத்தை இது காட்டும். சாமாயிகத்துக்குரிய ஒரு முகூர்த்தமாகிய 48 நிமிடங்களை அளந்து, ஓசையின்றித் தோலில் அதிர்ந்து உணர்த்தும். தனித்து வாழும் முதியோர் வழுக்கி விழுந்தால் உறவினர்க்குச் செய்தி அனுப்பும் கடிகாரங்களும் உள்ளன.

எனினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் 4,19,297 பேரை உட்படுத்தி நடத்திய ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. நாடி ஒழுங்கின்மை உளதெனக் கடிகாரம் எச்சரித்தது 2,161 பேரை. அவர்களுள் மார்பில் ஒட்டும் கருவியை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினர்க்கே இதயத் துடிப்புக் கோளாறு அதிற் பதிவாகியிருந்தது. அக்கோளாறு விட்டுவிட்டு வருவதாதலால், ஏனையோர்க்கு அது இல்லையென்று துணியவும் இயலாது. அநேகாந்தம் கற்ற நமக்கு இது புதிதன்று. கருவி கூறுவது ஒரு நயமே, முழுப்பொருளன்று. மாரடைப்பை இக்கடிகாரம் கண்டறியாது. ஊசி குத்தாமலே குருதிச் சர்க்கரையை அளக்குமென்று விற்கப்படும் கடிகாரங்களை நம்பவேண்டாவென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. நீரிழிவுடையோர் இதனைக் கருத்திற் கொள்க. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் இலக்கும் மருத்துவர் வகுத்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிகணிக் கருவியொன்றின் பெயரிலிருந்து பரவியது.

இவையெல்லாம் கருவியின் குறைகள், நாளடைவில் தீரக்கூடும். தீராத எல்லை வேறொன்றுண்டு. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் தொடக்கத்தில் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளையும் ஒருங்கே வீட்டுநெறியாக வைத்தார். கடிகாரம் தருவது செய்தி; அதனை ஞானமாக்கிக் கொள்வதும் ஒழுக்கமாக நடத்திக் காட்டுவதும் நம்மிடமே உள்ளன.

இதற்குச் சான்று நம் கண்ணெதிரே உள்ளது. இரும்பைக்கு வடக்கே, மரக்காணம் கடற்கரையில் உப்பளங்கள் வெயிலில் வெள்ளென விரிந்து கிடக்கின்றன. அங்கு உப்பு வாருவோர் கையில் இக்கடிகாரம் இல்லை. நாடியும் உடற்சூடும் எவர்க்கு நாள்தோறும் ஏறுகின்றனவோ அவர்க்கு அதனை அளப்பார் இல்லை. நிழலில் அமர்ந்திருக்கும் நாமோ மணிக்கொருமுறை அளந்து பார்க்கிறோம். ஆனால் அவர் கையிலும் ஒன்றைக் கட்டிவிட்டால் போதுமோ? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைக்கின்றனர். அளவை அறிந்தாயிற்று. இனி வேண்டுவன நிழற்கூரை, குடிநீர், கழிப்பிடம், உச்சிவேளை ஓய்வு ஆகியவையே. இவற்றை எக்கடிகாரமும் தராது. உப்பில்லாமல் ஒருநாளும் உண்ணாத நாம் இதனைக் கேட்டும் வாளாவிருப்போமாயின், நம் அகிம்சை எறும்பளவோடு நின்றுவிடும்.

ஆகவே நாம் கூறுவது இது. தேவையுடையோர் இக்கருவியை அணிக. தோல் பட்டையை விலக்கி ரப்பர் அல்லது துணிப் பட்டையைக் கொள்க. உள்ள கடிகாரம் பழுதின்றி ஓடும்போதே புதியதை நாடுதல் பொருள் வரைதல் என்னும் விரதத்துக்கு இழுக்கு. செய்திகளால் அடிக்கடி அதிருமாறு விட்டுச் சாமாயிகத்தில் அமர்வதும் தகாது. அவற்றை நிறுத்திவிட்டு அமர்க. உடலில் நோவு தோன்றினால் கடிகாரத்தைப் பார்த்துக் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுக. தன் நாடியை நோக்கும் கண் பிறர் நாடியையும் நோக்கப் பழகுமாயின், மணிக்கட்டில் கட்டியது மும்மணிக்கும் துணையாகும். அவ்வாறே பழகுவோமாக!