கிறிஸ்மஸ் காலத்தில் கடல் கடந்து போகிறவர்களுக்கு



ஆகமன காலம் வந்தால் நம் வீடுகளில் குடில் கட்டுவதும், பலகாரம் சுடுவதும், பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதுமே பேச்சாயிருக்கும். இப்போது இன்னொரு பேச்சும் அதோடு சேர்ந்திருக்கிறது. "சுவாமி, இந்த விடுமுறைக்குப் பிலிப்பீன்ஸ் தேசத்துக்குப் போய்வரலாமென்று நினைக்கிறோம். பிள்ளைகள் தீவுகளையும் கடலையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பாவமொன்றுமில்லையே?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

பாவமில்லை. முதல் கிறிஸ்மசே பிரயாணத்தில் வந்ததுதான். தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியைக் கடந்து நாசரேத்தூரிலிருந்து பெத்லெகேமுக்குப் போனார்கள். அவர்கள் உல்லாசத்துக்குப் போகவில்லை என்பது மெய்தான். ஆனாலும் குடும்பமாய்ச் சேர்ந்து போவதையும், சர்வேசுரன் படைத்த சமுத்திரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதையும் திருச்சபை தடுக்கவில்லை. எந்த நாளில் புறப்படுகிறோம், எதற்குப் போகிறோம், யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதில்தான் விஷயமிருக்கிறது.

முதலில் நாளைப் பற்றிச் சொல்கிறேன். கிறிஸ்மஸ் கடன் திருநாள். எந்த ஊர்க் கத்தோலிக்கக் கோவிலிலும், 24-ந் தேதி மாலையிலோ 25-ந் தேதியிலோ, பூசை கண்டால் கடன் நிறைவேறும். பிரயாணத்தில் வழியே இல்லாமற் போனால் ஆண்டவர் குற்றம் பிடிக்கமாட்டார். ஆனால், ஓராயிரம் இரண்டாயிரம் ரூபாய் குறைகிறதென்று 24 மாலை விமானமேறி, இடையில் ஒரு நிலையத்தில் பல மணி நேரம் காத்திருந்து, 25 இரவில் போய் இறங்கும்படி நாமே டிக்கெட் வாங்கிவிட்டு, "வழியில்லாமற் போயிற்று, சுவாமி" என்பது நியாயமா? வழியை அடைத்தது நாம்தானே! டிக்கெட் வாங்குமுன் பூசை நேரத்தைப் பாருங்கள். புறப்படுமுன் பாவசங்கீர்த்தனமும் செய்துகொள்ளுங்கள்.

அந்தத் தேசத்தில் பூசையைத் தேடி அலையவேண்டியதில்லை. 2020-ம் வருஷக் குடிக்கணக்கின்படி அங்கே நூற்றுக்கு 78-க்கும் மேற்பட்டவர்கள் கத்தோலிக்கர். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும், பொழுது விடியுமுன், நாலு மணி வாக்கில் கோவில் மணியடிக்கும். "சிம்பாங் காபி" என்று அந்தப் பூசைகளுக்குப் பெயர். வயலுக்குப் போகும் குடியானவர்கள் வெயிலேறுமுன் பூசை காணவேண்டுமென்று ஏற்பட்ட வழக்கம் என்பார்கள். மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த நட்சத்திர விளக்குகள் வீட்டுக்கு வீடு தொங்கும், "பரோல்" என்பார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால், வாழையிலையில் வைத்து மேலும் கீழும் தணலிட்டுச் சுட்ட அரிசி அப்பமும், மூங்கில் குழாயில் வேகவைத்துத் தேங்காய்த் துருவலோடு தரும் ஊதா நிறப் பலகாரமும் கிடைக்கும். இரண்டாவதைப் பார்த்தால் நம் குழாய்ப்புட்டு ஞாபகம் வரும். விடுமுறைக்குப் போய் எட்டு மணிவரை தூங்குவதென்று தீர்மானித்திருப்பவர்கள், ஒன்பதில் ஒரே ஒரு நாளாவது பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போங்கள். பாஷை புரியாவிட்டால் என்ன? பீடத்தில் நடப்பது ஒன்றே. செபு நகரத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள பசிலிக்காவில் சேசுபாலன் சுரூபத்தைத் தரிசிக்காமல் திரும்பவேண்டாம். 1521-ல் மகெல்லன் கொண்டுவந்து கொடுத்த சுரூபம் அது.

இவ்வளவு அழகான கடல்தான் அந்த ஜனங்களை அடிக்கிறதும். 2021-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி, சிம்பாங் காபி ஆரம்பிக்கிற அதே நாளில், பெரும் புயல் அடித்தது. உல்லாசப் பிரயாணிகள் தேடிப்போகும் சியர்காவ் தீவில் அது முதலில் கரையேறிற்று. நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 2013 நவம்பரில் அடித்த புயலோ ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. பிழைத்தவர்களுக்காகப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரியில் தக்லோபான் நகரத்துக்குப் போய், மழையிலும் காற்றிலும், மழைக்கோட்டு அணிந்தபடியே பூசை செய்தார். ஆகையால் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்காரும்போது, இளநீர் கொண்டுவருகிறவன் வீடு எத்தனை தரம் கூரையிழந்ததோ என்று நினைத்துப் பாருங்கள். கிறிஸ்மஸ் இரவில் உங்கள் அறைக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பெண்ணும் கத்தோலிக்கப் பெண்ணாகவே இருக்கக்கூடும். அவள் பூசைக்குப் போகும் வேளையில் அவளை வேலைக்குக் கூப்பிடாதிருப்பதும் தர்மமே.

இன்னும் ஒன்று. அந்தத் தேசத்தார் இலட்சக்கணக்கில் கப்பலிலும், ஆஸ்பத்திரியிலும், பிறர் வீட்டு அடுப்படியிலும் வேலைசெய்ய வெளிதேசம் போயிருக்கிறார்கள். நீங்கள் ஏறும் விமானத்தில், கிறிஸ்மசுக்கு ஊர் திரும்புகிற தாய் ஒருத்தி, பிள்ளைகளுக்கு வாங்கிய சாமான்களோடு உட்கார்ந்திருப்பாள். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பங்குப் பிள்ளைகளுக்கு இது நன்றாய்த் தெரியும். தமிழ்ப் பூசையும் அவர்கள் பாஷைப் பூசையும் அங்கே ஒரே கோவில் வளாகத்தில் நடக்கின்றன. அவர்கள் கிறிஸ்மசுக்கு வீட்டைத் தேடி வருகிறார்கள். நாமோ கிறிஸ்மசுக்கு வீட்டை விட்டுப் போகிறோம்.

இதைத்தான் முக்கியமாய்ச் சொல்லவந்தேன். பிரயாணத்துக்கு ஆள் எண்ணும்போது பாட்டியை எண்ணுவதில்லை. "அம்மாவுக்கு முழங்கால் வலி, விமானத்தில் உட்கார முடியாது; பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருக்கிறோம்" என்கிறார்கள். பக்கத்து வீட்டார் சோறு கொடுப்பார்கள். ஆனால் பாதிராப் பூசைக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்து யார் கூட்டிவருவார்? வருஷமெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குச் செபமாலை சொல்லிக்கொடுத்தவள், திருநாளன்று கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசி மணி அடிக்குமா என்று காத்திருப்பதா? விடுமுறை டிசம்பர் 26-க்குப் பிறகும் இருக்கிறதே. திருநாளைத் தாயோடு கொண்டாடிவிட்டு மறுநாள் புறப்படலாம். சிம்பாங் காபியைத்தான் காணவேண்டுமென்றால், 16-ல் போய் 23-ல் திரும்பலாம். இரண்டும் கூடாதென்றால், அந்த அம்மாளையே கேளுங்கள்; "போய்வா" என்று அவள் வாய் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள்.

எப்படியும் போகவேண்டியவர்கள், வீட்டில் தனித்திருக்கும் முதியோர், நோயாளிகளின் பெயரை ஆகமன காலம் மூன்றாம் ஞாயிறுக்குள் கோவில்பிள்ளையிடம் எழுதிக் கொடுக்கவும். 24-ந் தேதி காலையில் அந்த வீடுகளுக்குத் தேவநற்கருணை கொண்டுவருவோம். நடக்கக்கூடியவர்களை அன்றிரவு பூசைக்கு அழைத்துவரவும், பிறகு வீட்டில் கொண்டுபோய் விடவும், இளைஞரில் சிலர் முன்வந்தால் நல்லது. ஆட்டோ செலவைக் கோவில் ஏற்றுக்கொள்ளும்.