கேட்ட செவியின் கடமை

பெங்களூரின் அடுகோடி பல மொழிகள் ஒலிக்கும் பகுதி. அங்குள்ள ஒரு தேநீர்க் கடையை எண்ணிப் பாருங்கள். வடகிழக்கு மாநிலத்து இளைஞர் ஒருவர் தேநீர் அருந்திவிட்டுச் செல்கிறார். அவர் தலை மறைந்ததும், அவரது முகத்தோற்றத்தையும் உணவையும் ஒருவர் இழித்துப் பேசுகிறார். கேட்டு நிற்போருள் ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் தலைகுனிகிறார், ஒருவரின் உள்ளம் கொதிக்கிறது.

சிரிப்பு இழிசொல்லுக்குத் துணைபோகிறது. தலைகுனிவில் மனசாட்சி விழித்திருக்கிறது. ஆனால் அச்சம் அதன் வாயை அடைத்துவிடுகிறது. இந்த மௌனத்தின் விலை சிறிதன்று. 2012 ஆகஸ்டில் வதந்திகளால் அஞ்சிய வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரைவிட்டு ரயிலேறினர். அண்டை வீட்டார் தம் பக்கம் நிற்பர் என்ற நம்பிக்கை அவர்களுக்கு உறுதியாக இருந்திருந்தால், வதந்திக்கு அத்தனை வலிமை வந்திருக்குமா?

கொதிப்பு இவ்விரண்டினும் மேலானது. எனினும் அதிலும் ஓர் ஆபத்து உண்டு. ‘இவனுடைய கூட்டமே இப்படித்தான்’ என்று மனம் முடிவு கட்டும்போது, எதிர்க்கப் புகுந்த நோயே எதிர்ப்பவரையும் பற்றிக்கொள்கிறது.

சினம் செல்ல வேண்டிய திசையை ஒரு சந்திப்பு காட்டுகிறது. 1892-இல் மைசூர் சமஸ்தானத்தில் சுவாமி விவேகானந்தரை டாக்டர் பல்பு சந்தித்தார். மருத்துவம் கற்றும், ஈழவர் என்பதால் சொந்தத் திருவிதாங்கூரில் அரசுப் பணி மறுக்கப்பட்டவர் பல்பு. அதன்பின் கேரளம் சென்ற சுவாமிஜி, சாதிக் கொடுமையை நேரில் கண்டார். பின்னாளில் அதைக் கடுஞ்சொற்களால் கண்டித்தார். ஆயினும் மனிதர்மீது வெறுப்பை விதைக்கவில்லை. ஆன்மிகத்தை அடித்தளமாகக் கொண்டு மக்களை உயர்த்தும் வழியையே அவர் பல்புவுக்குக் காட்டினார் என்பர். 1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது, பல்பு நோயாளிகளிடையே பணியாற்றினார். 1903-இல் ஸ்ரீநாராயண குருவின் தலைமையில் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் உருவாகவும் உழைத்தார். அவமதிக்கப்பட்டவரின் சினம் தொண்டாக மலர்ந்தது.

1893-இல் சிகாகோ சர்வமத மகாசபையின் நிறைவுரையில், தன் மதம் மட்டுமே வாழும் என்று கனவு காண்பவர்மீது தாம் இரக்கமே கொள்வதாகச் சுவாமிஜி கூறினார். இரக்கம் கோழைத்தனம் அன்று. இழித்துப் பேசியவரிடமும் இழிக்கப்பட்டவரிடமும் உறைவது ஒரே ஆன்மா என்று உணர்ந்தவரே அஞ்சாமலும் வெறுக்காமலும் பேச இயலும்.

தேநீர்க் கடையில் நிற்பவர் பெரிய சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை. “அவரும் நம்மைப்போல் பிழைக்க வந்தவர்தாமே, ஐயா” என்று அமைதியாகச் சொன்னால் போதும். அடுத்த நாள் அந்த இளைஞர் வரும்போது, அமர்வதற்குச் சற்று இடம் தந்தால், அது அதனினும் நன்று.