அங்கீகாரமும் ஆற்றலும்

1992ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி சீனாவின் நான்ஜிங் நகரிலே சுன் சாய்யுன் என்னும் 18 வயதுப் பெண் கோலூன்றிப் பாய்ந்து 4.05 மீற்றர் உயரத்தைக் கடந்தார். பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலிலே சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட உலக சாதனைகளின் வரிசை இப்பாய்ச்சலுடனேயே தொடங்குகின்றது. ஆயினும், அவர் பாய்ந்த அன்று அவ்வரிசை இருக்கவில்லை. அது பின்னரே வகுக்கப்பட்டது. ஆண்கள் 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே கோலூன்றிப் பாய்ந்தனர். பெண்களுக்கு அவ்வாய்ப்பு 2000ஆம் ஆண்டிலே சிட்னியில்தான் கிட்டியது. இடைப்பட்ட காலம் 104 ஆண்டுகள்.

அங்கீகரிப்பார் எவருமில்லாத வேளையில் வெளிப்பட்ட ஓர் ஆற்றலின் மதிப்பு யாது என்பதே இங்கு எழும் வினாவாகும். பிந்திய தீர்மானமொன்று அப்பாய்ச்சலுக்குப் பெருமையை வழங்கியதா, அன்றி ஏலவே இருந்த பெருமையைக் கண்டுகொண்டதா?

கௌரவம் பெறுபவரைக் காட்டிலும் வழங்குபவரையே அது சார்ந்துள்ளது என்பதனால், அதனை வாழ்வின் உயர் நோக்கமாகக் கொள்ள அரிஸ்டோட்டில் மறுத்தார். 1981இல் வெளியான தமது அறவியல் நூலிலே அலஸ்டெயர் மக்கின்டயர் இக்கருத்தை வேறொரு வகையில் விரித்தார். ஒரு கலையிலோ விளையாட்டிலோ ஈடுபடுவதனாலேயே அடையத்தக்க நன்மைகள் அகநன்மைகள். பணம், பதவி, புகழ் என்பன புறநன்மைகள். இவ்வளவில், நான்ஜிங்கில் அந்தப் பெண் பெற்றது முழுமையானதே எனலாம். ஓட்டத்தின் வேகம் கோலின் வளைவாக மாறி, அவ்வளைவு நிமிர்கையில் உடலைத் தலைகீழாக மேலெழுப்பும் அக்கணத்தை எந்தச் சம்மேளனமும் அவருக்குக் கொடுக்கவில்லை, எடுத்துக்கொள்ளவும் இயலாது.

எனினும், இவ்விடை ஐயத்துக்குரியது. அது மிக எளிதிற் கிடைத்துவிடுகின்றது. அகநன்மையே போதுமென்று கூறும் உரிமை பாய்ந்தவருக்கு உண்டு. விதிகளை வகுப்போருக்கு இல்லை. பின்னவர் அதனைக் கூறும்போது அது தத்துவமாகாது, காலந்தாழ்த்துவதற்கான சாட்டாகவே அமையும். மேலும், அகநன்மைகள் நிலைத்திருப்பதற்கு நிறுவனங்கள் வேண்டும் என்பதை மக்கின்டயரே ஒப்புக்கொள்கின்றார். மெத்தையும் கோலும் பயிற்றுநரும் ஆர்வத்தினால் மாத்திரம் வந்துவிடுவதில்லை. போட்டியென ஒன்று இருந்தாலே வரும்.

பெண்ணின் தோள்களும் கைகளும் இவ்விளையாட்டுக்குப் போதிய வலிமையற்றவை என நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்நம்பிக்கைக்கு வந்த மறுமொழியை எண்களே கூறுகின்றன. 1995 மே 18ஆம் திகதி தையுவான் நகரில் சுன் சாய்யுன் 4.08 மீற்றர் பாய்ந்தார்; அதே நாளில் அதே உயரத்தை ஜொங் குய்சிங் என்னும் மற்றொரு சீனப் பெண்ணும் பாய்ந்தார். மூன்று நாட்களின் பின், மே 21ஆம் திகதி, செக் நாட்டின் டானியேலா பார்ட்டோவா 4.10 மீற்றர் பாய்ந்தார். நான்ஜிங் பாய்ச்சலுக்குச் சரியாக மூன்றாண்டு நிறைந்த நாள் அது. 1999இல் அவுஸ்திரேலியாவின் எம்மா ஜோர்ஜ் 4.60 மீற்றரை எட்டினார். 2005இல் ரஷ்யாவின் யெலேனா இசின்பாயேவா 5 மீற்றரைக் கடந்தார். 13 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர்வு! உடலமைப்பு பதின்மூன்று ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை. மாறியது கதவின் நிலையே.

சிட்னியில் முதலாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அமெரிக்கரான ஸ்ரேசி டிராகிலா, சுன் சாய்யுன்னிலும் இரண்டு வயது மூத்தவர் என்பது மனங்கொளத்தக்கது. எனவே, சுன் சாய்யுன் பிந்திய தலைமுறையொன்றிடம் தோற்றார் என்று எளிதாகக் கூறிவிட முடியாது. அங்கீகாரம் அவருடைய பெயரை வரிசையின் தலையில் எழுதியது; அதே அங்கீகாரமே பல நாட்டுப் பெண்களைக் களத்துக்கு அழைத்து, அவருடைய உயரத்தைச் சிறிதாக்கியும் விட்டது. இதனை அவருக்கு நேர்ந்த அநீதி எனல் பொருந்தாது. சாதனை முறியடிக்கப்படுதல் அதன் இயல்பு. அநீதி வேறிடத்தில் உள்ளது. தாமதமான தீர்மானம் பாய்ச்சலுக்குரிய கடனைத் தீர்க்கலாம். கதவு மூடியிருந்தமையாற் கோலைக் கையிலே எடுக்காமற் போனவர்களுக்குரிய கடனை எவ்வாறு தீர்ப்பது? அவர்களுக்குக் காட்டுவதற்கு ஓர் உயரமேனும் இல்லை.

சுன் சாய்யுன்னுக்கு முன்னரும் பெண்கள் கோலூன்றிப் பாய்ந்தனர், சீனாவிலும் பிற நாடுகளிலும். வரிசை 4.05 மீற்றரிலிருந்து தொடங்குவதனால் அவர்களுடைய உயரங்கள் அதனுள் அடங்கவில்லை.