கிணறும் கைப்பிடிச் சுவரும்



இரவில் பாலுக்கு உறை ஊற்றி வைக்கிறீர்கள். விடிந்ததும் தயிர் இருக்கிறது. அதை வெளியிலேயே விட்டுவிட்டால் நன்றாய்ப் புளித்துப்போகும். ஆனால் அந்தப் புளிப்பும் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போவதில்லை. ஓர் அளவில் நின்றுவிடுகிறது. ஏன்? பாலைத் தயிராக்கிய நுண்கிருமிகள், தாங்கள் உண்டாக்கிய புளிப்பிலேயே தளர்ந்துவிடுகின்றன. தங்கள் பிரயாசையின் பலனே அவற்றுக்கு விஷமாகிறது.

இதே சங்கடம் பெரிய ஆலைகளிலும் உண்டு. முதல் உலக யுத்த காலத்தில், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் பணியாற்றிய சாயிம் வைஸ்மான் என்னும் இரசாயன அறிஞர் ஒரு கிருமியைத் தொழிலில் இறக்கினார். அது மாவுப்பொருளைத் தின்று அசிட்டோன், பியூட்டனால் ஆகிய திரவங்களைத் தரும். புகையற்ற வெடிமருந்து செய்ய அசிட்டோன் அப்போது மிகவும் தேவைப்பட்டது. ஆனால் லிட்டருக்குச் சுமார் 13 கிராம் பியூட்டனால் சேர்ந்ததுமே கிருமி சோர்ந்து வேலையை நிறுத்திவிடும். மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். அதிலிருந்து சரக்கைக் காய்ச்சிப் பிரிக்கவே செலவு அதிகம். பிற்பாடு பெட்ரோலியத்திலிருந்து இவை மலிவாய்க் கிடைக்கவே, இத்தகைய ஆலைகள் பல மூடப்பட்டன.

கிருமியையே திடமாக்கினால் என்ன என்று அறிஞர் யோசித்தார்கள். சூட்டாலும் விஷத்தாலும் குலைந்துபோகும் புரதங்களை மறுபடி ஒழுங்காய் மடித்துக்கொடுக்கும் துணைப் புரதங்கள் உயிரணுக்களுக்குள் உண்டு. 2003-ம் வருஷம் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், மேற்சொன்ன கிருமியில் அதன் சொந்தத் துணைப் புரதம் ஒன்று மிகுதியாய்ச் சுரக்கும்படி செய்தனர். கிருமி முன்னைவிட நெடுநேரம் உழைத்தது. கிடைத்த திரவங்களின் அளவு சுமார் 40 சதவீதம் உயர்ந்தது. அதுமுதல் சூடு, உப்பு, புளிப்பு, சாராயம் ஆகியவற்றைத் தாங்கும் கிருமிகளை உருவாக்கும் வேலை பல நாடுகளில் நடந்துவருகிறது. பூமியைத் தோண்டி எடுக்கும் எண்ணெய்க்குப் பதிலாக வயல்வெளிக் கழிவிலிருந்து எரிபொருள் கிடைக்குமானால், அது நல்லதுதானே?

நல்லதுதான். ஆயினும் நம்மில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழும்: சிருஷ்டியில் மனிதன் இப்படிக் கைவைப்பது தகுமா? காட்டுப் புல்லை நெல்லாக்கியவனும், காட்டு மாட்டை ஏரில் பூட்டியவனும் மனிதனே. அதைப் பாவம் என்று யாரும் சொல்லவில்லை. மரபணு மாற்றத்தைப் பற்றி ஒரே வாக்கில் பொதுத்தீர்ப்புச் சொல்லுவது கடினம், ஒவ்வொன்றையும் அதனதன் தன்மையில் பார்க்கவேண்டும் என்பதையே பாப்பரசர் பிரான்சிஸும் 2015-ம் வருஷத்துச் சுற்றுமடலில் உணர்த்தினார். ஆகவே நாம் கேட்கவேண்டியது வேறொன்று: ஓர் உயிருக்குப் பலம் கொடுத்தவன், அந்தப் பலம் போய்ச் சேரும் இடத்துக்கெல்லாம் பொறுப்பாளி அல்லவா?

ஓர் உதாரணம் பாருங்கள். நம் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் கிருமியின் மேலுறையில், உள்ளே புகுந்த விஷத்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு போன்ற அமைப்பு ஒன்று உண்டு. அது மிகுதியானால், உயிரைக் கொல்லும் சில இரசாயனக் கரைப்பான்களையும் கிருமி தாங்கும். ஆலைக்கு இது இலாபம். ஆனால் அதே பம்பு ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலவற்றையும் வெளியே தள்ளிவிடுகிறது. ஆலைத் தொட்டியில் உழைப்பதற்கென்று கொடுத்த பலம், நோயுற்ற குழந்தைக்கு டாக்டர் கொடுக்கும் மருந்தை எதிர்க்கும் பலமாகவும் ஆகக்கூடும்.

“ஆலைக் கிருமி வெளியே வந்தால் பிழைக்காது, காட்டுக் கிருமிகள் அதை முந்திவிடும்” என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். கிணற்றில் பிள்ளைகளும் பெரும்பாலும் விழுவதில்லை. இருந்தும் நாம் கைப்பிடிச் சுவர் கட்டாமல் இருக்கிறோமா?

அப்படிச் சுவர் கட்ட முயன்றவர்கள் உண்டு. 1975-ம் வருஷம் பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அசிலோமார் என்னுமிடத்தில் அறிஞர்கள் கூடி, தங்கள் ஆராய்ச்சிக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே ராய் கர்டிஸ் என்பவர், ஊட்டினாலன்றி வாழமுடியாததும் பித்தநீர் பட்டால் மடிவதுமான ஒரு நோஞ்சான் கிருமியை ஆயத்தம் செய்தார். அது ஆபத்தற்றது, ஆனால் வேலை வாங்குவதற்கும் கடினமானது. 2015-ல் ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இரு குழுவினர் வேறு வழி கண்டார்கள். இயற்கையில் எங்கும் கிடைக்காத ஒரு செயற்கைச் சத்தை ஊட்டினால்தான் உயிரோடிருக்கும்படி ஈ. கோலியை மாற்றினார்கள். ஒரு சோதனையில் லட்சம் கோடிக் கிருமிகளில் ஒன்றுகூடத் தப்பியதாய்த் தெரியவில்லை. பலமும் எல்லையும் ஒரே உயிரில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இது நல்ல அடையாளம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கைப்பிடிச் சுவர் கட்டுவதால் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர்கூட அதிகம் ஊறாது. 40 சதவீதம் அதிகச் சரக்குக்கு வாங்குவோர் உண்டு. எல்லைக்கு விலை கொடுப்பார் இல்லை. செலவு குறைக்கவேண்டிய நாள் வரும்போது முதலில் கைவிடப்படுவது சுவர்தான். இங்கேதான் மனச்சாட்சிக்கு வேலை இருக்கிறது. இலாபம் தராத காவலைச் சந்தை தானாய்ச் செய்யாது. சட்டம் செய்விக்கவேண்டும், சட்டம் பார்க்காத இடத்தில் மனிதனின் நேர்மை செய்யவேண்டும்.

இன்று நம் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறார்கள். நாளைக்கு இந்தத் தொட்டிகளின் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள் அவர்களே. விடுமுறைக்கு வீடு வரும்போது மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் மட்டும் விசாரித்து விட்டுவிடாதீர்கள். “நீ பலப்படுத்துகிற உயிருக்கு எல்லை எங்கே வைத்தாய்?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் கேட்கப்பட்ட கேள்வி, ஆள் இல்லாத ஆய்வுக்கூடத்திலும் அவர்கள் காதில் ஒலிக்கும்.