பலனை அளப்பதும் பலனைப் பற்றுவதும்

பொறியியல் திட்டம் ஒன்றை நடத்துவதில் பாதி வேலை பலனைக் கணக்கிடுவதுதான். எந்தப் பணி எந்தத் தேதியில் முடியும், அதற்கு எவ்வளவு செலவு பிடிக்கும், இதுவரை கொடுத்த பணத்துக்கு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று வாராவாரம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீதையோ (2:47) மனிதனுக்குச் செயலில் மட்டுமே உரிமை உண்டு, பலனில் இல்லை என்கிறது. கொங்கண் ரயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிமுடித்த இ. ஸ்ரீதரன், கீதையைத் தம் வழிகாட்டியாகச் சொல்பவர். கெடு நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டியபடி பின்னோக்கி ஓடும் கடிகாரத்தை அலுவலகங்களில் மாட்டவைத்தவரும் அவரே. பலனில் உரிமை இல்லை என்றால் அந்தக் கடிகாரத்துக்கு அங்கே என்ன வேலை?

கணக்கு உலக விஷயம், பற்றின்மை ஆன்ம விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லித் தப்பிப்பது எளிது. அதற்குக் கீதையே இடம் கொடுப்பதில்லை. பதினெட்டாம் அத்தியாயம் செயல்களை மூன்று குணங்களாகப் பிரிக்கிறது. பின்விளைவு, இழப்பு, பிறருக்கு நேரும் துன்பம், தன் வலிமை ஆகியவற்றை எண்ணிப் பார்க்காமல் மயக்கத்தில் தொடங்கப்படும் செயல் தாமசம் (18:25). மதிப்பீடு போடாமல் வேலையில் இறங்குவது பற்றின்மை ஆகாது, மூன்றிலும் கடைப்பட்டது என்பதே அதன் பொருள். குறளும் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் முதல் பாட்டிலேயே அழிவது, ஆவது, பின் வரும் ஊதியம் மூன்றையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது. செலவுக் கணக்கு அறநூல்களுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல.

அந்தக் கணக்கின் இன்றைய வடிவம் சென்ற நூற்றாண்டின் நடுவில் உருவானது. 1957 வாக்கில் டூபாண்ட் நிறுவனத்துக்காக ‘கிரிட்டிக்கல் பாத்’ முறை வகுக்கப்பட்டது. பணிகளைப் பிரித்து, எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று கோத்து, அந்தக் கோவையில் மிக நீண்ட சங்கிலியைக் கண்டுபிடிப்பது அதன் சாரம். அந்தச் சங்கிலியில் ஒரு நாள் தவறினால் திட்டமே ஒரு நாள் தள்ளிப்போகும். மற்றப் பணிகளுக்குச் சற்று இளைப்பாற இடமுண்டு. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ முறை வந்தது. அது ஒரு பணிக்கு மூன்று கால அளவுகளைக் கேட்கிறது: எல்லாம் கைகூடினால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் எதிர்பார்க்கும் காலம் கிடைக்கும். எதிர்காலம் ஒற்றை எண்ணாக மனிதனுக்குக் கிடைக்காது என்ற ஒப்புதல் இந்தச் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதே ஒப்புதலைக் கீதை வேறு வழியில் செய்கிறது. எந்தச் செயலுக்கும் காரணங்கள் ஐந்து (18:14): இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். குறளின் வினைசெயல்வகை அதிகாரமும் ஐந்து சொல்கிறது: பொருள், கருவி, காலம், வினை, இடம். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு துலங்கும். குறளில் பணமும் காலமும் உண்டு, தெய்வம் இல்லை. வள்ளுவர் அதை மறந்துவிடவில்லை. ஊழுக்குத் தனி அதிகாரம் வைத்தார். பிறகு ஆள்வினையுடைமையில், தளராமல் முயல்பவர் அந்த ஊழையே புறங்காட்டச் செய்வார் என்றும் சொன்னார். வேலைத்தளத்தில் திட்டம் போடுபவருக்கு உதவுவது குறளின் பட்டியல். திட்டம் பிழைத்தபின் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவுவது கீதையின் பட்டியல்.

மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவு என்று ஒதுக்கும் தொகை அந்த ஐந்தாவது காரணத்துக்கான இடம் என்று சொல்லத் தோன்றும். உரையாசிரியர்கள் அப்படிச் சொல்லவில்லை. சங்கரருக்கு அங்கே தெய்வம் என்பது கண்ணுக்குச் சூரியன் என்பதுபோல் புலன்களுக்குத் துணைநிற்கும் தேவதைகள். ராமானுஜருக்கு உள்நின்று இயக்கும் பரமாத்மா. இருந்தாலும், செய்பவர் தம்மை மட்டுமே காரணமாக எண்ணக் கூடாது என்று அடுத்தடுத்த பாடல்கள் எச்சரிப்பது வேலைத்தளத்துக்கும் பொருந்தும். 1990இல் தொடங்கிய கொங்கண் பாதையில் கோவாவின் பெர்னம் சுரங்கம் இளகிய களிமண்ணால் திரும்பத் திரும்பச் சரிந்தது. எதிர்பார்த்த காலம் கடந்து 1998 ஜனவரியில்தான் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. ஐந்தாவது காரணம் கெடுப்பதற்கு மட்டுமே வருவதும் இல்லை. 1964 டிசம்பர் புயல் பாம்பன் பாலத்தைச் சிதைத்தபோது ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம், மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலுக்குள் விழுந்த கர்டர்கள் தேடக் கிடைத்ததும், மீட்டுத் தூக்கி மறுபடி பொருத்த முடிந்ததும் அதற்குப் பெரிய காரணம். கிடைக்காமல் போயிருந்தால் அதே உழைப்புக்கு வேறு தேதி வந்திருக்கும்.

அப்படியானால் பற்று எங்கே நுழைகிறது? எண்ணை அளக்கும்போது அல்ல, எண்ணை விரும்பும்போது. பெண்ட் ஃப்ளூபியர் தலைமையிலான ஆய்வாளர்கள் 258 போக்குவரத்துத் திட்டங்களைப் பரிசீலித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பத்துக்கு ஒன்பது திட்டங்களில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. வெறும் அறியாமை என்றால் பிழை இரு பக்கமும் விழுந்திருக்க வேண்டும். ஒரே பக்கம் விழுவதற்குக் காரணம், திட்டம் ஒப்புதல் பெற்றே ஆக வேண்டும் என்ற ஆசை. சிட்னி ஓபரா மாளிகைக்கு 1957இல் போட்ட மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1973இல் திறந்தபோது ஆகியிருந்தது 10 கோடியே 20 லட்சம். வரைபடங்கள் முடியுமுன்பே, ஆட்சி மாறினால் திட்டம் கைவிடப்படலாம் என்ற அச்சத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கட்டடம் உலகப் புகழ் பெற்றது என்பதற்காக முதல் எண் நேர்மையானதாகிவிடாது.

பற்று நுழையும் இன்னொரு வாசல் மாதாந்தர அறிக்கை. பத்துக் கோடியில், பத்து மாதத்தில் முடியவேண்டிய பாலம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் மாத இறுதியில் ஐந்து கோடி செலவாகியிருக்கிறது. திட்டமிட்டதும் ஐந்து கோடியே. எல்லாம் சரி என்று எழுதிவிடலாம். முடிந்த வேலையை மட்டும் அளந்து விலைபோட்டால் நான்கு கோடிதான் வருகிறது என்றால், ஒவ்வொரு ரூபாய்க்கும் 80 காசு வேலை நடந்திருக்கிறது. இதே போக்கில் போனால் பாலம் முடிய பன்னிரண்டரைக் கோடி ஆகும். மூன்றாவது எண்ணைக் கேட்காமல் இருப்பதே பலரின் நிம்மதி.

பொதுப்பணித் துறையில் முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக் இந்த நிம்மதிக்கு எதிராக வடிவமைக்கப்பட்டது. பக்கங்களுக்கு எண் உண்டு, தாளைக் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதிய அளவைச் சுரண்டி அழிக்கவும் கூடாது. பழைய எண் தெரியும்படி கோடடித்து, சரியானதை எழுதி, தேதியிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். பிறகு மேலதிகாரி டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சரிபார்ப்பளவு எடுப்பார். இந்த விதிகளை மீறுகிறவர்களும் உண்டு, அது வேறு கதை. விதியின் நோக்கம் தெளிவு: எழுதுபவரின் விருப்பம் எண்ணுக்குள் புகக் கூடாது.

கடைசியாக, நிறுத்துவது பற்றிய கேள்வி. இதுவரை போட்ட பணம் திரும்ப வராது. இனி ஆகும் செலவையும் இனி வரும் பயனையும் மட்டுமே ஒப்பிட வேண்டும் என்கிறது பொருளியல். பிரிட்டனும் பிரான்ஸும் 1962இல் கான்கார்ட் விமானத்துக்காக ஒப்பந்தம் போட்டபோது அதில் விலகும் வழியே வைக்கவில்லை. 1976இல் சேவைக்கு வந்த அந்த விமானத்தை இரு நாட்டு அரசு விமான நிறுவனங்கள் மட்டுமே வாங்கின. போட்ட முதலைப் பிடித்துக்கொண்டு தொடர்வது பலன்பற்றின் அப்பட்டமான வடிவம். ஆனால் வருத்தத்துக்கும் உடல் நோவுக்கும் அஞ்சிச் செயலைக் கைவிடுவதையும் கீதை ராஜசத் துறவு என்றே தள்ளுகிறது (18:8). பெர்னத்தில் மண் சரிந்த ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு வாதங்களும் எழுந்திருக்க முடியும். எது எது என்று பிரித்துச் சொல்ல, மிச்சமிருக்கும் மீட்டர்களின் செலவை விருப்புவெறுப்பின்றிப் புதிதாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.