பல்லும் பற்றும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா? பந்தியில் நாலு பேரோடு கூச்சமின்றி உட்காரும் தைரியமும் கூடவே போய்விடுகிறது.

எழுபது வயதுக்காரர் ஒருவர், தாடை எலும்பில் நாலைந்து டைட்டானியத் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் ஒரு வரிசைப் பல்லை நிலையாகக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். “இந்த வயதில் எதற்கு?” என்கிறது வீடு. பணமில்லை என்றால் நியாயம். இவர்களோ வயதையல்லவா சொல்கிறார்கள்! ‘இன்னும் எத்தனை நாள்?’ என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது.

1952-ல் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது! 1965-ல் அவர் ஒரு மனிதரின் தாடையில் பதித்த திருகுகள் நாற்பதாண்டு நிலைத்தன.

எலும்பு சில மாதம் அவகாசம் கேட்கும். புகையை விடு, சர்க்கரையை அடக்கு என்று நிபந்தனையும் போடும். ‘இனி எதற்கு?’ என்று மட்டும் அது கேட்பதில்லை.

பற்றை விடுவதே முதுமைக்கு அழகு என்பார்கள். மெய்தான். ஆனால் என்னைக் கேட்டால், தானாக விட்டால்தான் அது துறவு. பிறர் விடச் சொன்னால் அதற்குப் பெயர் பட்டினி.