கோணமும் மனிதனும்

உலகில் கோணங்கள் உளவா? அன்றி, காண்பவனே அவற்றை உலகின்மீது வரைகின்றானா? ஒளிப்படக் கலை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மெய்யியலாளர் இவ்வினாவை எழுப்பியுள்ளனர். நேர்கோடும் வட்டமும் பிறிதொன்றன் சார்பாலன்றித் தம்மியல்பாலேயே அழகுடையன என்னும் கருத்துப் பிளேற்றோவின் 'பிலேபஸ்' உரையாடலிற் கூறப்படுகின்றது. இயற்கை என்னும் நூல் முக்கோணிகளையும் வட்டங்களையும் எழுத்துகளாகக் கொண்டது என 1623இல் கலிலியோ எழுதினார். இம்மானுவேல் கான்ற், இடம் என்பதே நமது புலக்காட்சியின் வடிவம் என்றார். ஆயின், கையிற் கமரா ஏந்தியவனுக்கு இவ்வினா வேறொரு முகத்தையும் காட்டுகின்றது. மனிதர் நடமாடும் உலகிற் கோடுகளையும் கோணங்களையும் தேடுதல் அம்மனிதருக்கு இழைக்கும் அநீதியாகுமா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளிப்படத்திற் கேத்திரகணித உருவம் தோன்றுமாற்றை முதலில் நோக்குவோம். கமரா முப்பரிமாண உலகை ஒரு தளத்தில் வீழ்த்துகின்றது. அப்போது சமாந்தரமான புகையிரதத் தண்டவாளங்கள் ஒரு புள்ளியை நோக்கிக் குவிகின்றன. குடத்தின் வட்டவாய் நீள்வளையமாகின்றது. அருகில் நிற்கும் தூணின் விளிம்பும் தொலைவிலுள்ள கூரையின் சரிவும் ஒன்றையொன்று தொட்டு ஒரு கோணத்தை ஆக்குகின்றன. படம் பிடிப்பவன் ஓரடி விலகின் அக்கோணம் மறைந்துவிடும். எனவே அது தூணுக்கோ கூரைக்கோ உரியதன்று. வெறுங் கற்பனை எனவும் அதனைத் தள்ளுதற்கில்லை. அதேயிடத்தில் நிற்கும் எவர்க்கும் அது புலனாகும். பொருளும் நிற்கும் நிலையும் கூடியே கோணத்தைப் பிறப்பிக்கின்றன எனலாம்.

நிற்கும் நிலையோ நாம் தெரிந்தெடுப்பது. தெரிவு ஒரு செயல். செயலுக்குப் பொறுப்பு உண்டு. ஆகவே வடிவத்தைக் காணுதல் என்பது அழகியலோடு நின்றுவிடாது அறவியலின் எல்லைக்குள்ளும் புகுந்துவிடுகின்றது.

1907இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் நியூயோர்க்கிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலிற் சென்றார். முதல் வகுப்புப் பயணியாகிய அவர், கீழ்த்தட்டில் நெருங்கியிருந்த ஏழைப் பயணிகளை மேலிருந்து நோக்கினார். ஒருவரது வட்டமான வைக்கோற்றொப்பி, சாய்ந்து நின்ற புகைக்குழாய், ஏணிப்படி, இரு கூட்டத்தாரையும் பிரித்த வெண்ணிற நடைபாலம், ஒருவரது முதுகிற் குறுக்கிட்ட கால்சட்டை வார்கள் ஆகியன ஒன்றோடொன்று இயைந்த வடிவங்களாக அவருக்குத் தோன்றினவாம். இது பல ஆண்டுகளின் பின் அவரே கூறியது. அவ்வடிவங்களோடு வாழ்க்கை பற்றிய தமது உணர்வும் கலந்திருந்தது என்றும் அவர் கூறினார். எனினும், அப்படத்தை அமெரிக்காவுக்குக் குடியேற வருவோரின் சித்திரமாகப் பலர் நெடுங்காலம் கருதிவந்தனர். உண்மையில் அக்கப்பல் அமெரிக்காவை விட்டுச் சென்றுகொண்டிருந்தது. வடிவம் எவ்வளவு செம்மையாயினும் கப்பல் செல்லும் திசையை அது உரைப்பதில்லை. வருவோரையும் திரும்புவோரையும் அந்த ஏணியும் பாலமும் ஒரே வகையாகவே சட்டமிடுகின்றன.

இதனைக் கொண்டு, வடிவத்தை நாடும் கண் மனிதனைக் காணத் தவறிவிடும் என்று முடிவு செய்யலாமா? அம்முடிவு அவசரமானது என்பதற்கு 1915இல் போல் ஸ்ட்ராண்ட் எடுத்த 'வோல் ஸ்ட்ரீட்' என்னும் படம் சான்றாகும். மோர்கன் வங்கிக் கட்டடத்தின் பெரிய இருண்ட செவ்வகங்கள் வரிசையாக நிற்க, அவற்றின் கீழே நீண்ட நிழல்களை இழுத்துக்கொண்டு சிறு மனித உருவங்கள் செல்கின்றன. எவர் முகமும் தெளிவாகத் தெரியவில்லை. ஆயினும் பெருநிதியத்தின் முன் தனிமனிதனின் அளவு யாது என்ற வினாவை அச்செவ்வகங்களே எழுப்புகின்றன. இங்கு மனிதனைப் பற்றிய உண்மையை உரைக்கும் மொழியாகக் கேத்திரகணிதம் பயன்படுகின்றது.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் உண்டு. சோவியத் கலைஞர் அலெக்சாந்தர் ரொட்சென்கோ சாய்கோட்டின் ஆற்றலைக் கண்டறிந்தவருள் முதன்மையானவர். படிக்கட்டுகளையும் மாடங்களையும் மேலிருந்தும் கீழிருந்தும் நோக்கி, பழகிப்போன காட்சியைப் புதுக்கிக் காட்டியவர். வெண்கடல் - பால்டிக் கால்வாய் 1931 முதல் 1933 வரை கைதிகளின் உழைப்பால் வெட்டப்பட்டபோது அவர் அதனைப் படம்பிடித்தார். 227 கிலோமீற்றர் நீளமான அக்கால்வாயை அமைக்கையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ரொட்சென்கோவின் படங்களோ 1933 டிசம்பரில் 'சோவியத் யூனியன் நிர்மாணத்தில்' என்னும் அரச சஞ்சிகையில் வெற்றிச் சித்திரங்களாக வெளிவந்தன. இசைக்குழு வாசிக்கக் கைதிகள் வேலை செய்யும் படமும் அவர் எடுத்தவற்றுள் ஒன்று. சாய்கோடுகள் அங்கும் பிழையின்றியே உள்ளன.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். வட்டம் நல்லதுமன்று, தீயதுமன்று. கலைஞனிடம் வடிவத்தை மட்டுமே கேட்கவேண்டும் என்பர் சிலர். தனித்த வட்டத்தைப் பொறுத்தவரை இது சரியே. ஓவியன் ஒரு கோட்டுக்காக ஒரு மனிதனைப் படைத்துக்கொள்ளலாம். அம்மனிதனுக்கு ஓவியத்துக்கு வெளியே வாழ்வில்லை. ஒளிப்படக் கலைஞனோ உயிருள்ள ஒருவனைத் தன் கோட்டுக்காக இரவல் வாங்குகின்றான். இரவல் வாங்கிய பொருளைப் பேணும் கடமை அவனுக்கு உண்டு.

அங்ஙனமாயின் நல்லதையும் தீயதையும் பிரித்தறியும் அளவுகோல் யாது? படத்திலுள்ள மனிதனின் இடத்தில் ஒரு கம்பத்தை நட்டாலும் படத்துக்குக் குறைவில்லையெனில் அப்படம் அறப்பிழை உடையது என்று கூறத் தோன்றும். ஆனால் இவ்வளவுகோல் மிகக் கடுமையானது. 1932இல் பிரான்சின் இயேர் நகரில் ஹென்றி கார்ட்டியே பிரெசோன் எடுத்த படத்தில், சுழன்றிறங்கும் படிக்கட்டின் கீழ் ஒருவர் சைக்கிளில் விரைகின்றார். அவரைப் பற்றி நாம் அறிவது எதுவுமில்லை. அவர் அங்கு ஓர் அசைவு மட்டுமே. எனினும் அவருக்கு யாரும் தீங்கிழைத்ததாக நாம் உணர்வதில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம், மௌனமும் மறைப்பும் ஒன்றல்ல என்பதே. எந்தப் படமும் சட்டத்துக்கு வெளியே பெரும்பகுதியை விட்டுவிடும். அது மௌனம், அதனைத் தவிர்த்தல் இயலாது. சைக்கிளில் செல்பவரைப் பற்றி அப்படம் எதனையும் சாதிக்கவில்லை. அவர் யார் என்று கேட்கும் உரிமை நம்மிடமே உள்ளது. கால்வாய்ப் படங்களிலோ ஒழுங்கான கோடுகள் வலிந்து பெற்ற உழைப்பை இசைவான உழைப்பாகக் காட்டி, நாம் கேட்கவேண்டிய வினாவுக்குத் தாமே பொய்யான விடையைத் தந்துவிடுகின்றன. வினாவைத் திறந்துவிடும் ஒழுங்கு ஒன்று. அடைத்துவிடும் ஒழுங்கு வேறொன்று. அறவியல் நோக்கிற் கண்டிக்கத்தக்கது பின்னையதே.

எனினும், ஒரு படத்தின் ஒழுங்கு எவ்வகையினது என்பதைப் படத்தை மட்டும் பார்த்து எப்போதும் அறிதல் இயலாது. கால்வாயின் வரலாற்றை அறியாதவனுக்கு அச்சாய்கோடுகள் அழகு மட்டுமே. ஆதலாற் படத்தோடு சேரும் சொல்லுக்கும், அதனை வெளியிடுவோனுக்கும், பார்ப்பவனுக்கும் பொறுப்பிற் பங்குண்டு. எங்கே, எப்போது, எவர் என்னும் எளிய குறிப்பு அழகைக் குறைப்பதில்லை.

இன்று ஏறத்தாழ ஒவ்வொரு மாணவர் கையிலுள்ள தொலைபேசியிலும் கமரா உண்டு. திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கும் கோடுகளையும் அதில் வரவழைத்துக்கொள்ளலாம். அக்கட்டங்களுக்குள் கூரையும் படியும் நிழலும் அமைவதைக் காணப் பழகுதல் நல்ல பயிற்சியே. கண்டும் காணாதிருந்தவற்றை அது காணச் செய்கின்றது. ஆயின் அக்கட்டத்துள் சுமை தூக்கும் ஒருவரோ, வெயிலில் அமர்ந்து பொருள் விற்கும் ஒருவரோ வந்து நிற்பாராயின், கோணம் சரியாக அமைந்ததா என்ற வினாவோடு நின்றுவிடுதல் தகாது. நாம் நிற்குமிடத்திலிருந்து அவரைப் பற்றி எது தெரிகின்றது, எது மறைகின்றது என்பதையும் கேட்டல் வேண்டும். விடை திருப்தி தராவிடின் ஓரடி விலகி நிற்கலாம். கோணத்தை மாற்ற அவ்வோரடி போதுமானது என்பதை முன்னரே கண்டோம்.